விருந்தாளி நெருப்பு

கீழ்நாட்டிலிருந்து மூங்கில்பள்ளத்துக்கு வந்து ஓர் இரவு தங்கிப் போனவர்கள் எல்லோரும், மலையிறங்கிய மறுநாளோ அதற்கும் மறுநாளோ, சடையாண்டி வீட்டுக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "உங்க வீட்ல எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?" போனை எடுக்கும் மருமகள் போதுமணி வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். காப்பி நாற்றுப் பந்தலின் மேல் அவர்களுடைய நிழல்கள் வரிசையாக விரித்துக் கிடக்கும். "சார்ஜர் ஒன்னு கெடந்துச்சு சார், எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. சார்ஜர் கிடந்தது உண்மைதானே.

சடையாண்டியின் ஒரே மகன் தங்கப்பாண்டி, கல்யாணமான இரண்டாம் வருடம், சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்ததும் மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததற்குப் போதுமணி என்று பேர் வைத்துவிட்டு, அதோடு தன் கடமை தீர்ந்தது என்றிருந்த அப்பன்தான் மிச்சம். அவள் போகவில்லை, சடையாண்டி போகச் சொல்லவுமில்லை. மாமனாரும் மருமகளும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டு, ஒருவர் அழுவதை மற்றவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சும்மா கிடந்த இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து வெளியூர்க்காரர்களுக்கு விடலாம் என்று சொன்னது போதுமணிதான். வந்தவர்கள் கட்டிலைப் பார்க்கவில்லை, கக்கூசைப் பார்க்கவில்லை, மலையைக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பில் "கேம்ப் ஃபயர் உண்டா?" என்றுதான் கேட்டார்கள்.

"குளிருக்குத் தீ மூட்டுறதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு, அதுக்கு ஒரு குழி வேற" என்று சடையாண்டி சிரித்தார். ஃபாரஸ்ட் கார்டு சிரிக்கவில்லை. "ஒரு பொறி பறந்தா மலை போயிரும். மூட்டுறதுன்னா முறையா குழி வெட்டி மூட்டு, இல்லன்னா மூட்டாத" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மாமனாரும் மருமகளும், வீட்டுக் கூரையும் காப்பிக் களமும் எட்டாத, தலைக்கு மேல் ஒரு கிளைகூட நீட்டாத இடமாகத் தேடி, முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகக் குழி வெட்டி, அடியில் சரளை கொட்டி, சுற்றிலும் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அகலத்துக்குப் புல்லையும் சருகையும் வேரோடு செதுக்கி வெறும் மண்ணாக்கி, காற்று வருகிற பக்கம் மட்டும் மூச்சு விட ஓர் இடைவெளி வைத்து, ஒரு பக்கம் மணல் பெட்டியும் மறுபக்கம் தண்ணீர்ப் பீப்பாயும் அதன் மேல் ஒரு வாளியும் வைத்தார்கள். கரைக்குக் கல் அடுக்கும்போதுதான் தகராறு வந்தது. சடையாண்டி ஓடையில் இறங்கி வழவழவென்று கற்களை ஆசையாகப் பொறுக்கி வந்திருந்தார்.

"இது தண்ணி குடிச்ச கல்லு மாமா. சூடு பட்டா வெடிக்கும்" என்றாள் போதுமணி.

"கல்லு எங்கயாச்சும் தண்ணி குடிக்குமா?" என்று சொல்லி, நிரூபிப்பதற்காக ஒன்றை வெந்நீர் அடுப்பில் போட்டார். அது வெடித்து அண்டாவின் பக்கத்தில் ஓர் ஓட்டையைப் போட்டுவிட்டு அமைதியானது. மறுநாள் பேசாமல் பாறை உடைக்கிற இடத்திலிருந்து காய்ந்த கல்லாக இறக்கி வந்தார். அந்த அண்டாவில் ஈயப் பற்றுப் போட்ட இடத்தைக் காட்டிப் போதுமணி வெகுகாலம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழியில் முதல் தீ மூட்டிய அன்று மதுரையிலிருந்து ஒரு கும்பல் வந்திருந்தது. சாயங்காலம் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள், கோழியைச் சுட்டார்கள், கருக்கினார்கள், கருகியதையும் தின்றார்கள். தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போது மலைமேலிருந்து திடுதிப்பென்று ஒரு காற்று இறங்கியது. பொறி பறந்து கூரைப் பக்கம் போவதைக் கண்டதும் சடையாண்டி வாளியைத் தளும்ப முக்கி, கொழுந்துவிட்டு எரிகிற தீயின் தலையிலேயே கொட்டினார். சொய்யென்று ஆவி எழுந்து எல்லோர் முகத்திலும் சாம்பல் அடித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் அன்றைக்கு அவர் அப்படிச் செய்திராவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல வீடு இருந்திருக்காது.

அந்த மலையில் அடுப்பை யாரும் அப்படி அணைப்பதில்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பது அங்கே பழமொழியில்லை, அன்றாட வேலை. விறகை வெளியே இழுத்து, கையால் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கிண்டி மூடி, வீட்டு அடுப்பைத் தூங்க வைப்பார்கள். எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றுவது வீட்டுப் பெண்பிள்ளையின் முகத்தில் ஊற்றுவதற்குச் சமம். ஆனால் இது அடுப்பு இல்லை, விருந்தாளி நெருப்பு. இதற்கு எதற்கு முறை என்று நினைத்தார்கள். விஷயத்தைக் கேட்ட கார்டும் தலையாட்டி, "இனிமே தெனமும் அப்படித்தான் அணைக்கணும். ஒரே வாளி, ஒரே ஊத்து" என்று சட்டம் போட்டார்.

மறுநாள் காலையில் கும்பல் ஜீப்பேறிப் போன பிறகு போதுமணி வாசல் கூட்டினாள். குழியைச் சுற்றி, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி, நீளநீளமாகக் கறுப்பு கிடந்தது. விளக்குமாறால் எத்தனை தடவை இழுத்தும் அது போகவில்லை.

"மாமா, இதென்னா கூட்டக் கூட்டக் கெடக்கு?"

சடையாண்டி குனிந்து பார்த்தார். ஒன்றின் தலையில் தொப்பி இருந்தது. இன்னொன்றின் கையில் கோழிக்கால் இருந்தது. "விட்டுட்டுப் போயிட்டாய்ங்க" என்றார். "தீ திடீர்னு போயிருச்சுல்ல. நெழலு ஆளுகிட்ட திரும்பறதுக்குள்ள போயிருச்சு. அதுக எங்கிட்டுப் போகும் பாவம்."

ஓரத்தைக் குச்சியால் நெம்பியதும் அது பனியில் நனைந்த வேட்டி மாதிரி மெதுவாகக் கிளம்பியது. இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடியில் போட்டார்கள். கொடிக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து ஒரு வட்டம் சுற்றி, இன்னும் வசதியாகப் படுத்துக்கொண்டது.

அந்த வாரமே காட்டுமாடு புகுந்து நாற்றுப் பந்தலை முறித்துப் போட்டது. பாக்கெட்டில் மாற்றி நட்ட காப்பி நாற்றுக்கு மாசி வெயில் எமன். ஓலை கொண்டுவரக் கீழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். போதுமணி யோசிக்கவேயில்லை, மூங்கில்களை நட்டு, கொடியில் கிடந்தவற்றை எடுத்து மேலே விரித்தாள். நெருப்பு போட்ட நிழல் என்பதால் ஒவ்வொன்றும் ஆளைப்போல நாலு மடங்கு நீளம் இருந்தது. கீழே குளுகுளுவென்று இருந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்று தோட்டம் தள்ளியிருந்த பெரியதனக்காரர் வெள்ளைச்சாமி வந்து பார்த்தார். அவர்தான் ஊருக்கு நியாயம் சொல்கிறவர். நிழலைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "நல்ல சரக்கா இருக்கே. அடுத்து எப்ப ஆளு வருது?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்கப்புறம் ஊரில் எவரும் இது எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை, அடுத்து யாருக்கு என்றுதான் கேட்டார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூடி முறை வைத்துக்கொண்டார்கள். சீக்கிரமே நிழல்களைப் பற்றிய அறிவு ஊரில் வளர்ந்துவிட்டது. குண்டாக இருக்கும் ஒரு ஆள், ஒல்லியாக இருக்கும் இரண்டு பேருக்குச் சமம். சண்டை போட்டுக்கொண்ட புருசன் பொண்டாட்டி நிழலைப் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கக் கூடாது. விரித்தால் நடுவிலுள்ள நாற்று வாடும். போனைக் கையில் பிடித்திருந்தவர்களின் நிழலில் அந்த இடத்தில் மட்டும் சதுரமாக வெளிச்சம் விழும். அதற்குக் கீழே வைத்த நாற்று கருகும், ஆகவே அங்கே ஒரு துணியைத் தைத்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில், உரம் எவ்வளவு போடுவது என்று பேசுகிற அதே குரலில் பேசிக்கொண்டார்கள்.

நிழலை விட்டுப்போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஆபீஸ் போனார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். தம் காலடியைக் குனிந்து பார்க்கிற பழக்கம் கீழ்நாட்டில் யாருக்கும் இல்லை போலும். எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை போன் போடுவார்கள், சார்ஜர் என்றதும் சமாதானமாகிவிடுவார்கள்.

முதலில் கணக்குக் கேட்டவன் ஜீப் டிரைவர் மொக்கச்சாமி. "எல்லாம் புது மூஞ்சியாவே வருதே. வந்தவன் ஒருத்தன்கூட ரெண்டாம் தடவை வரலையே மதினி" என்றான் போதுமணியிடம். அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பிறந்த ஊரை விட்டுப் போகிறவர்கள்போலக் கண் கலங்கி, அடுத்த மாதமே வருவோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

பதில் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸேறி வந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தனியாக, கையில் ஒரு பையோடு வந்தாள். அவள் கணவர் ஆபீஸ் நண்பர்களோடு போன மாசியில் வந்து தங்கிப் போனவராம்.

"முன்னெல்லாம் எங்கயாவது மலைக்குப் போகோணும், போகோணும்னு உசிர வாங்குவாருங்க. இங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்லீங்க. நல்லாத்தான் இருக்காரு. ஆனா ஒரு தவிப்பும் இல்லீங்க. இங்கத்தப் பேரச் சொன்னா, அதான் பாத்தாச்சேங்கிறாரு. அப்படி என்னத்த இங்க வெச்சிட்டு வந்தாருன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

போதுமணியால் சார்ஜர் என்று சொல்ல முடியவில்லை. பந்தலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தப் பெண் தொப்பையை வைத்துத் தன் கணவரை அடையாளம் கண்டுகொண்டு, அதன் கீழே நாற்றுகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சுருட்டித் தரட்டுமா என்று சடையாண்டி கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினாள். "இங்கயே இருக்க ஆசப்பட்டது இதுதானுங்க. இது இங்க இருக்குது. அதனால அவரு அங்க நிம்மதியா இருக்காரு. மறுபடி கொண்டு போய்க் கொடுத்தா மறுபடி தவிப்பாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, மாலை பஸ்ஸில் இறங்கிப் போனாள்.

ஊர் கூடியது. திரும்பி வராத ஆளால் ஜீப்புக்கு என்ன லாபம் என்று மொக்கச்சாமி கத்தினான். ஆள் வந்தால் என்ன வராவிட்டால் என்ன, நாற்றுக்கு நிழல் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கத்தினார்கள். வெள்ளைச்சாமி இரண்டு பேரையும் அமர்த்தி ஒரு தீர்ப்புச் சொன்னார். பாட்டிலை உடைத்துப் போடுகிறவன், பிளாஸ்டிக்கைத் தீயில் போடுகிறவன், வேலைக்காரர்களை வாடா போடா என்கிறவன் இவர்களெல்லாம் உட்கார்ந்திருக்கிற தீயில் ஒரே வாளியாக ஊற்றிவிட வேண்டியது. மறுபடி அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டாம், நிழலுக்கு நிழலும் ஆயிற்று. மரியாதையாக இருக்கிறவர்களின் தீயை மட்டும் அடுப்பை அமர்த்துகிற மாதிரி பொறுமையாக அமர்த்தி, ஆளை முழுசாக அனுப்ப வேண்டியது. அதற்குப் பிறகு மூங்கில்பள்ளத்துக்கு நல்லவர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்கள். நிழலுக்கும் பஞ்சம் வரவில்லை. அது ஒன்றே கீழ்நாட்டைப் பற்றி ஊர் தெரிந்துகொண்ட சேதி.

இதற்கிடையில் சடையாண்டி ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் அய்யம்பாளையத்துக்குப் போய், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் செல்வகணபதி என்பவரைப் பார்த்து, பொண்டாட்டியை இழந்த அவருக்குத் தன் மருமகளைப் பேசி முடித்துவிட்டு வந்தார். போதுமணி கேட்டுக்கொண்டாள், இரண்டு நாள் சமைக்காமல் இருந்தாள், மூன்றாம் நாள் அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். கிரீஸ் பிடித்துக் கறுத்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "எனக்குப் பேச வராது. ஆனா காது கேக்கும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தைக்கு நாள் குறித்தார்கள்.

செல்வகணபதியின் தாய் மட்டும் ஒரு சொல் சொன்னாள். கழுத்தில் தாலி ஏறியபின் முதல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அந்தச் சொல். மொக்கச்சாமி அதை மறுநாளே மலைமேல் கொண்டுவந்து சேர்த்தான்.

அன்றிலிருந்து ஊர் முழுக்கச் சடையாண்டியிடம் ஒரே பேச்சாக இருந்தது. எப்படியும் அவள் வரப்போவதில்லை. வராதவளுடைய நிழலையாவது நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள். வெள்ளைச்சாமி ஒருபடி மேலே போனார்: "உனக்காகச் சொல்லலைப்பா, அந்தப் புள்ளைக்காகச் சொல்லுறேன். இங்கத்த நெனப்பு இங்கயே நின்னுருச்சுன்னா அது அங்க போயி நிம்மதியாப் பொழைக்கும். முழுசா அனுப்புனா, வர முடியாத எடத்த நெனச்சு நெனச்சுச் சாகும். எது பாவம்னு நீயே சொல்லு." மகன் போன பிறகு சிரிப்புச் சத்தம் என்று அந்த வீட்டில் கேட்டது அவளுடையது ஒன்றுதான். காலையில் எழுந்து பார்க்க வாசலில் அவளுடைய நீள நிழலாவது கிடக்கும் என்று சடையாண்டி நினைத்துப் பார்த்தார். ஆசையாகத்தான் இருந்தது. இல்லையென்று தன்னிடமே பொய் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் குழியில் தீ மூட்டினார்கள். விருந்தாளிகள் யாரும் இல்லை, மாமனாரும் மருமகளும்தான். காய்ந்த முருக்கமர விறகை அவளே கூம்பாக அடுக்கினாள். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாள். பீப்பாய் நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், வேறேதோ வேலையாக வந்தவர்கள்போல நின்றுகொண்டிருந்தார்கள். தீ எழுந்தது. அவளுடைய நிழல் வாசலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, நாற்றுப் பந்தலின் கால் வரைக்கும் நீண்டு விழுந்தது.

"மாமா, வாளிய எடுங்க" என்றாள் போதுமணி.

"எதுக்கு?"

"ஊத்திருங்க. நானே சொல்லுறேன். காலையில நீங்க எந்திரிச்சு வந்தா யாராச்சும் இருக்கணும்ல. ஒத்தையா இருந்தா சாப்புட மாட்டீங்க."

"நெழலு வந்து சோறு போடுமாக்கும்."

"கூட இருக்கும்ல மாமா." அவள் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அதுதான் நல்லது. வரவே முடியாத எடத்த மனசுல வெச்சுக்கிட்டு நான் எப்படி அங்க குடும்பம் நடத்துறது? அந்தக் கோயமுத்தூர்க்காரம்மா சொன்னுச்சே, நிம்மதியா இருக்காருன்னு. நானும் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்."

சடையாண்டி எழுந்துபோய் வாளியை முக்கினார். தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்து தீயின் முன்னால் நின்றார். போதுமணி கண்ணை மூடிக்கொண்டு, நிழல் கசங்காமல் விழட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் வெகுநேரம் நின்றார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"உங்கப்பன் போதும்னு பேரு வெச்சான். எனக்குப் போதல தாயி" என்றார். "நெழல வெச்சுக்கிட்டு ஆள விட்டுற எனக்கு மனசு வரல. தவிப்பு இருந்துட்டுப் போகட்டும். உனக்கும் இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும். தவிச்சாத்தான் மனுசன் வருவான்."

அது பெருந்தன்மையில் சொன்னதா சுயநலத்தில் சொன்னதா என்று மூங்கில்பள்ளத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. போதுமணி மட்டும் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு தடவை சடையாண்டி பார்க்காத மாதிரி இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் எரிகிற விறகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழியின் ஓரங்களுக்குத் தள்ளினார். கொழுந்து தானாகத் தாழ்கிற வரைக்கும் காத்திருந்தார். வாளிக்குள் கையை விட்டு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார், குச்சியால் சாம்பலைக் கிண்டினார், மறுபடி தெளித்தார், மறுபடி கிண்டினார். ஒரே வாளியாக ஊற்றினால் தண்ணீர் மேலோடு நின்றுவிடும், அடியில் கங்கு உயிரோடு கிடக்கும். இப்படிச் செய்தால்தான் அடிவரைக்கும் ஆறும். தீ தாழத் தாழ அவளுடைய நிழல் பந்தலை விட்டு, களத்தை விட்டு, வாசலை விட்டு, மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி அவசரமில்லாமல் வந்து அவள் காலடியில் அடங்கியது. கடைசியில் புறங்கையைச் சாம்பலில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. வேலியோரம் நின்றவர்கள் கலைந்து போனார்கள். வெள்ளைச்சாமி வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு போனார்.

விடிந்ததும் அவள் ஜீப்புக்கு நடந்தாள். இளவெயிலில் அவளுடைய நிழல் ஒரு குறையும் இல்லாமல் அவளோடு நடந்து, அவளோடு ஏறி, அவளோடு வளைவில் மறைந்தது. முதல் வீட்டு ஆள் கல்யாணத்தில் நிற்பது முறையில்லை என்று கூடப் போகாத சடையாண்டி வாசலுக்கு வந்து பார்த்தார். கூட்டி விட்ட மண்தான் கிடந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அதற்குள் வேறு சில வீடுகளிலும் அறை விட்டுக் குழி வெட்டியிருந்தார்கள், ஊர் தன் போக்கில் நல்லவர்களுக்குத் தெளித்தது, மற்றவர்களுக்கு ஊற்றியது. சடையாண்டியின் குழியில் மட்டும் தீ மூட்டவில்லை, அறைகளையும் பூட்டிவிட்டார். போன் ஒலித்தால் ஓடிப்போய் எடுப்பார். "எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?" என்று பழைய விருந்தாளி யாராவது கேட்பார். சார்ஜர் என்று சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. சித்திரையில் ஒருமுறை கோடை மழை அடித்தது, ஆனியில் நாற்றுகளை எடுத்துத் தோட்டத்தில் நட்டார்கள், வெயிலில் நைந்துபோன பழைய நிழல்கள் நூல் நூலாகப் பிரிந்து காற்றோடு போயின. ஒத்த ஆளாக இருப்பது பழகிவிடும் என்று அவரிடம் பலரும் சொன்னார்கள். பழகவில்லை. தெரியாமல் பெரிய தப்புப் பண்ணிவிட்டோமோ, அந்தப் பிள்ளை அங்கே தினமும் கிடந்து துடிக்கிறதோ என்ற எண்ணம்தான் வளர்ந்தது.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் போன் ஒலித்தது.

"மாமா" என்றாள் போதுமணி.

"சொல்லு தாயி. எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா?" பழக்க தோஷத்தில் அவர் கேட்டுவிட்டார்.

"இல்ல மாமா. எதையும் விடல. எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். அதான் தாங்க முடியல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தெருவுல கல்யாணமான பொண்ணுகள எல்லாம் ஆடிக்கு அழைக்க வந்துட்டாங்க. ஆளாளுக்குத் தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் அரிசி பொடச்சிக்கிட்டுக் கெடந்தேன். இவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. இன்னைக்கு அவங்க அம்மாகிட்ட, அதுக்கும் ஒரு வீடு இருக்குல்லம்மா, அவரு வந்து அழைச்சா போயிட்டு வரட்டும்னு சொல்லிட்டாரு. இத்தன மாசத்துல அவரு பேசுனது அதான் பெரிய பேச்சு. அத்த மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு. இருக்கட்டும். நீங்க வருவீங்களா மாமா?"

சடையாண்டிக்குக் கண்ணில் நீர் கட்டி எதிரே இருந்த சுவர் தெரியவில்லை. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்து நிக்கிறேன்" என்றார்.

"வந்ததும் குழியில தீ மூட்டணும் மாமா. ரெண்டு பேரும் உக்காரணும்."

"கிறுக்குப் பிள்ள. ஆடிக் காத்துல அம்மியே பறக்குது. எவனாச்சும் வெளிய தீ மூட்டுவானா? காத்து அடங்கட்டும், மூட்டுவோம்."

"காத்து அடங்க ஆவணி ஆயிருமே மாமா."

"ஆகட்டுமே" என்றார் சடையாண்டி.